கை ஆடினா கோர்வை தெரியாது

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஓரிக்கை குழு உறுப்பினர் பேசியது)



"அந்தக் கேமராக் குச்சியைப் பத்தி பத்து நிமிஷம் பேசும்மா" என்று செயலாளர் அக்கா சொன்னாங்க. நான் பத்தாவது வரை படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. அந்தக் குச்சியைப் பிடிச்சுப் பழக்கம் இருக்கு. அதனால தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். பிழை இருந்தா பொறுத்துக்கணும்.

முதல்ல ஒரு சேலை விஷயம். எங்க குழுவில் ஒரு அக்கா. பேரு வேண்டாம், மூணாவது வரிசையில உட்கார்ந்து என்னையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. அவங்க வீட்டில் இத்தனை வருஷமும் கூலிக்குத்தான் நெய்தாங்க. போன வருஷம் குழுக் கடனில் பட்டும் ஜரிகையும் சொந்தமா வாங்கி, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருமா ஒரு கோர்வைச் சேலை போட்டாங்க. அரக்கு உடம்பு, பச்சைக் கரை, கரை ஓரத்தில் பிள்ளையார் மொக்கு. இருபது நாளைக்கு மேல ஆச்சு. அறுத்து எடுத்த அன்னைக்கு நாங்க எல்லாரும் போய்ப் பார்த்தோம். அவ்வளவு நல்லா வந்திருந்தது.

தறி இல்லாத வீட்டு அக்காங்களுக்காக ஒரு வார்த்தை. கோர்வைன்னா உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு வேற நிறம், தனித்தனி நாடாவில் ஓட்டி, சேருகிற இடத்தில் ஒவ்வொரு இழையா கோத்து நெய்யறது. நெய்யறவர் ஒருத்தர், பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொருத்தர். ரெண்டு ஆள் வேலை. அந்தச் சேர்க்கைதான் காஞ்சிபுரம் சேலையோட உயிர். கிட்டப் போய்ப் பார்த்தா அந்த இடத்தில் இழைகள் ஒன்னுக்கொன்னு கை கோத்திருக்கிறது தெரியும்.

அந்த அக்கா வெளியூர்ல ஒரு அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பினாங்க. இடது கையில் சேலை, வலது கையில் போன். பட்டுச் சேலை கனம் உங்களுக்குத் தெரியும். கை நடுங்காம என்ன செய்யும்? கரையைக் கிட்டக் காட்டுற நேரத்தில் படம் ஆடி, மங்கிப் போச்சு. அந்த அம்மா ஒரு வரி எழுதினாங்க: "பார்டர் ஒட்டின மாதிரி இருக்கு. மிஷின் சேலையா?" அவ்வளவுதான். சேலை பீரோவுக்குப் போச்சு. ரெண்டு மாசத் தவணையை மீதி பதினோரு பேரும் பங்கு போட்டுக் கட்டினோம். அந்த அக்கா ரெண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை, வெட்கப்பட்டுக்கிட்டு.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வந்தாச்சு. இந்தப் பேரு நம்ம ஊருக்குத்தான் சொந்தம்னு சட்டம் சொல்லுது. ஆனா போன்ல பார்க்கிற அம்மா சட்டத்தைப் பார்க்க மாட்டாங்க, கரையைத்தான் பார்ப்பாங்க. கடையில இருந்தா விரலால் தடவிப் பார்ப்பாங்க. அவங்க விரலுக்குப் பதிலா நாம அனுப்புற படம் இருக்கணும். அது ஆடக் கூடாது. இதுக்காகத்தான் நாங்க அந்தக் குச்சியை வாங்கினோம்.

என் கொழுந்தனார் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறவர். அவர் பெரிய கேமரா வாங்கினதும் பழைய சின்ன கேமராவை எங்க குழுவுக்குத் தவணையில கொடுத்தார். சோனி இசட்வி-1, 2020-லே வந்த மாடல். அதுக்கு ஏத்த கைப்பிடியைக் குழுப் பணத்தில் தனியா வாங்கினோம். டப்பா மேலே ஜிபி-விபிடி2பிடி என்று வாயில நுழையாத பேரு போட்டிருக்கு. எங்க அத்தை பார்த்துட்டு, "என்னடி இது, மோர் கடையிற மத்து மாதிரி" என்றாங்க. அன்னையிலிருந்து அது மத்துதான். குழுக் கணக்கு நோட்டிலும் அப்படித்தான் எழுதி இருக்கோம்.

மத்து ஒரு ஜாண் உயரம் இருக்கும். மூடி வெச்சா கையில பிடிக்கிற பிடி. அடியில விரிச்சா மூணு கால் வந்து தரையில் நிக்கும். எடை 215 கிராம். ஒன்றரைக் கிலோ வரைக்கும் தாங்கும், எங்க கேமரா முந்நூறு கிராம் கூட இல்லை. தலையைச் சாய்க்கலாம், சுத்தலாம். பிடியிலேயே பொத்தான்கள் இருக்கு: வீடியோவுக்கு ஒன்னு, போட்டோவுக்கு ஒன்னு, டி, டபிள்யூ என்று ரெண்டு. டி அழுத்தினா கிட்டே வரும், டபிள்யூ அழுத்தினா எட்டப் போகும். கட்டை விரல் ஒன்னே போதும். கேமராவுக்கும் பிடிக்கும் நடுவில் ஒயர் கிடையாது, புளூடூத்தில் பேசிக்குது. ஒயர் இல்லாததால கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் எதுவும் மாட்டிக்காது.

முதல் நாள் ரெண்டும் பேசிக்கவே இல்லை. கூட இருந்த புத்தகம் இங்கிலீஷ். என் பொண்ணு எட்டாவது படிக்கிறா, அவதான் எழுத்துக் கூட்டிப் படிச்சா. கேமராவில் புளூடூத் ரிமோட்டை ஆன் பண்ணி, ஜோடி சேர்க்கிற பக்கத்தைத் திறந்து வெச்சுட்டு, மத்தில் போட்டோ பொத்தானையும் டி பொத்தானையும் சேர்த்து ஏழு விநாடிக்கு மேல அழுத்திப் பிடிக்கணும். நாங்க மூணு விநாடியில கையை எடுத்துட்டு, பொருள் கெட்டுப் போச்சுன்னு திருப்பி அனுப்பப் பார்த்தோம். நிதானமா பத்து எண்ணுங்க, சேர்ந்துக்கும். ஒரு தடவை சேர்ந்தா போதும்.

இன்னொரு குழப்பம். ஒயர் இல்லைன்னதும் நான் என்ன நினைச்சேன்னா, கேமராவை மத்து மேல நிறுத்திட்டு, சேலையைக் கட்டிக்கிட்டுத் தூரமா நின்னு அங்கிருந்தே பொத்தானை அழுத்தலாம்னு. சேலையும் கட்டிக்கிட்டு, பூவும் வெச்சுக்கிட்டு நின்ன பிறகுதான் தெரிஞ்சது, பொத்தான் மத்திலேயே இருக்கு, மத்து கேமராவுக்குக் கீழே நிக்குது! அத்தை சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. அப்புறம் கண்டுபிடிச்சோம். தூரத்தில் நின்னு எடுக்கணும்னா கேமராவைக் கழட்டி அலமாரியிலோ, ஸ்டூல் மேல மடிச்ச துணியிலோ அசையாம வெச்சுட்டு, மத்தை மட்டும் கையில எடுத்துக்கணும். அப்போ அது ரிமோட். கேமரா மேல இருந்தா அது கால். ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான் செய்யும். வாங்கப் போறவங்க இதை முதல்லயே தெரிஞ்சுக்கிட்டா என்னை மாதிரி ஏமாற வேண்டாம்.

அது நிஜமாவே உதவுற இடம் தறிக்கிட்டேதான். எங்க வீட்டில் குழித்தறி. நெய்யறவர் கால் குழிக்குள்ள இருக்கும், துணி அவர் மடி உயரத்தில் இருக்கும். ரூமோ தறி போக ஒரு ஆள் ஒதுங்கி நடக்கிற அளவுதான். கொழுந்தனாரோட பெரிய ஸ்டாண்டை ஒரு நாள் கொண்டு வந்து பார்த்தோம். மூணு காலையும் விரிக்க இடமே இல்லை. விரிச்சாலும் கேமரா ஆள் உயரத்திலிருந்து மாமனாரோட தலையைத்தான் காட்டுது. இந்த மத்து தரையில உட்கார்ந்தா கேமரா நேரா துணி மட்டத்துக்கு வருது. நாடா ஓடுறதும், கரை இழை போய்க் கோத்துக்கிறதும் கண்ணுக்கு நேரே. ஒரு ஜாண் உயரம் என்பதைக் குறையா நினைச்சுத்தான் வாங்கினோம். தறி வீட்டுக்கு அதுதான் சரியான உயரம்.

ஆனா தறிச் சட்டத்து மேல வைக்காதீங்க. பலகை அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் சட்டம் அதிரும், படமும் குதிக்கும். தரையில வெச்சாலும் கொஞ்சம் அதிருது. சாக்கை நாலா மடிச்சு அடியில போட்டதும் நின்னு போச்சு. கேமராவைக் கீழே சாய்க்கும்போது மூணு காலில் ஒரு கால் லென்ஸுக்கு நேர் கீழே வர்ற மாதிரி வைக்கணும். நான் மாத்தி வெச்சு, கேமரா முன்னாடி குப்புற விழுந்துச்சு. நல்ல வேளை, பாவு மேல விழாம சாக்கு மேல விழுந்தது.

கரை நாடாவைத் தள்ளுற ஆள் எங்க வீட்டில் நான்தான். என் ரெண்டு கையும் தறியில இருக்கும். அதனால வீடியோ பொத்தானை அழுத்திட்டு வந்து உட்கார்ந்துடுவேன். பத்து நிமிஷம் ஓடட்டும். அப்புறம் நல்லா வந்த அரை நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்துக்குவேன். கேமராவைத் தொடாம பிடியில் அழுத்துறதால ஆரம்பத்தில் வர்ற அந்தக் குலுக்கல் இல்லை.

இப்போ கிட்டக் காட்டுறதைப் பத்தி. இதுல எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்யறோம். டி பொத்தானை அழுத்தி அழுத்திக் கிட்டக் கொண்டு வந்துட்டு, கேமராவையும் துணிமேல கொண்டு போய் முட்டறோம். உடனே மங்கிடும். எங்க கேமராவில் டபிள்யூ கடைசியில வெச்சா 5 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்டப் போகலாம். டி கடைசியில வெச்சா 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் நிக்கணும், அதுக்குள்ள போனா தெளிவு வராது. அதனால கோர்வை இழையைக் காட்ட பொத்தானை டபிள்யூ பக்கம் விட்டுட்டு, கேமராவையே மெதுவா கிட்டக் கொண்டு போங்க. வேற கேமராவுக்கு இந்தக் கணக்கு மாறும், சோதிச்சுப் பார்த்துக்கணும். சேலையோட பின்பக்கத்தையும் காட்டுங்க. நல்ல வேலைக்காரி பின்பக்கத்தை மறைக்க மாட்டா.

பிடியில் சி1 என்று ஒரு பொத்தான் இருக்கு. எனக்குத் தெரியாம விரல் பட்டு, பின்னாடி இருந்த தறி முழுசும் புகை மூட்டமா ஆயிடுச்சு. கல்யாணப் பொண்ணை எடுக்க அது அழகு, நமக்குத் தறி தெரியணும். வேலை இல்லாத நேரத்தில் பிடியில் இருக்கிற பூட்டைப் போட்டு வெச்சுடுங்க.

கையில பிடிச்சு நடந்து எடுக்கிறதுக்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லைங்க. இடுப்பில குடம் வெச்சுத் தண்ணி தளும்பாம நடந்திருக்கோம் இல்லையா, அதே நடைதான். முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சு, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன அடி. எங்க தெருவில் குழாய் வராத காலத்துப் பெரியம்மா ஒருத்தர் முதல் தடவையே அப்படி எடுத்தாங்க. காலேஜ் படிக்கிற பசங்களுக்கு வரலை.

நிறம்தான் இன்னும் தகராறு. மயில் கழுத்து மாதிரி பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் போட்ட சேலை பார்க்கிற பக்கத்துக்கு ஒரு நிறம் காட்டும். ஒரு போட்டோவில் அது வரவே வராது. நான் வலது கையில மத்தை அசையாம பிடிச்சுக்கிட்டு, இடது கையால் துணியை மெதுவா மடக்கி விரிச்சுக் காட்டுவேன். அசைய வேண்டியது துணி, கேமரா இல்லை. காலையில ஒன்பது மணி வாக்கில வாசல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாம எடுக்கணும். டியூப் லைட்டும் வாசல் வெளிச்சமும் கலந்தா அரக்கு ஒரு மாதிரி, ஜரிகை ஒரு மாதிரி ஆயிடும். லைட்டை அணைச்சிடுங்க. படத்தை அழகாக்குற ஃபில்டர் எதையும் போடாதீங்க. ஒரு தடவை நிறம் மாறிப் போய் சேலை திரும்பி வந்தா, கூரியர் காசும் போச்சு, பேரும் போச்சு.

கேமரா இல்லாதவங்க கவலைப்பட வேண்டாம். எங்க மத்து அந்தக் கம்பெனியோட சில கேமராக்களுக்குத்தான் சேரும், போனுக்குச் சேராது. போனுக்கு இதே மாதிரி சின்ன முக்காலி, தனியா ஒரு பொத்தானோட, குறைஞ்ச விலையில நிறைய வருது. அந்தப் பொத்தான் போன்ல சத்தம் கூட்டுற பட்டனை அழுத்தற வேலையைத்தான் தூரத்திலிருந்து செய்யுது. போனுக்கு அது போதும். வாங்கும்போது போனை மாட்டிக் கொஞ்சம் தட்டிப் பாருங்க. தலை தானா சாயுதுன்னா வேண்டாம்.

ஒரு முக்கியமான விஷயம். கை கூப்பிக் கேட்டுக்கறேன், இதை மட்டும் மறக்காதீங்க. மத்துக்குள்ள சிஆர்2032 என்று காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கு. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதைத்தான் அந்த நம்பர் சொல்லுது. சின்னக் குழந்தை வாயில போட்டா உணவுக் குழாயில மாட்டிக்கும். ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிடும். தானா வெளியே வந்துடும்னு காத்திருக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். தீர்ந்துபோன பேட்டரியும் அதே ஆபத்துதான். மாத்தினதும் டேப் சுத்தி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்க. போன்கூட வர்ற சின்னப் பொத்தான்களிலும் பெரும்பாலும் இந்த மாதிரி பேட்டரிதான்.

வீட்டு எதிர்ப்பையும் சொல்லணும். எங்க குழுவில் ஒரு தங்கச்சி, புதுசா கல்யாணமாகி வந்தவ. "நம்ம வீட்டுப் பொண்ணு முகம் ஊரான் போன்ல போகக் கூடாது" என்று அவ மாமியார் சொல்லிட்டாங்க. நாங்க சண்டைக்குப் போகலை. முகம் வேண்டாம், கை மட்டும் போதும்னு சொன்னோம். மத்தைத் தரையில வெச்சா கேமரா உயரத்துக்குக் கைதான் வரும். அந்த வீடியோவை மாமியாரே முதல்ல பார்த்து, "இதுல என் மோதிரம் நல்லா தெரியுதே" என்று கேட்டாங்க. மோதிரம் மாமியாரோடது, மருமகளுக்குப் போட்டது. இப்போ அவங்க வீட்டில் வாரம் ஒரு வீடியோ.

இனி காசு விஷயம். வாங்கும்போது குழுவில் பெரிய வாக்குவாதம். "இந்தப் பணத்தை உள்கடனா கொடுத்திருந்தா வட்டியாவது வந்திருக்கும், பொம்மைக்குப் போய்க் கொட்டறீங்களே" என்று ஒரு அக்கா கேட்டாங்க. அவங்க கேட்டதுல தப்பில்லை. சேமிப்புப் பணம் அப்படிக் கேள்வி கேட்டுத்தான் செலவாகணும். தீர்மான நோட்டில் அவங்க மறுப்பையும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். எங்க குழுவில் எடுக்கிறவங்க ஒரு நாளைக்கு முப்பது ரூபாய், வெளிக் குழுவுக்கு ஐம்பது ரூபாய் என்று வெச்சிருக்கோம். இன்னும் போட்ட பணம் முழுசா வரலை. பாதி வந்திருக்கு.

அரக்குச் சேலை என்னாச்சுன்னு கேட்பீங்க. பீரோவிலிருந்து எடுத்து, வாசல்ல வெச்சு, நான்தான் எடுத்தேன். முதல்ல கேட்ட அம்மா திரும்ப வரலை. வேற ஒருத்தர், திருப்பூர்க்காரங்க, கரை தெரியற அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துட்டு, பின்பக்கத்தையும் இன்னொரு தடவை கேட்டு வாங்கிப் பார்த்துட்டு, எடுத்துக்கிட்டாங்க. நினைச்ச விலை வரலை, கொஞ்சம் குறைச்சுத்தான் போச்சு. அந்த அக்கா எங்க பதினோரு பேர் பணத்தையும் ஒரே கூட்டத்தில் எண்ணிக் கொடுத்தாங்க. அவங்களோட ரெண்டாவது சேலைக்கும் நல்ல வீடியோதான் எடுத்தோம், அது இன்னும் விக்கலை. விலை அதிகம்னு சொல்றாங்க. அதுக்கு மத்து என்ன செய்யும்?

ஓரிக்கை என்கிற பேரே 'ஓர் இரவு இருக்கை' என்கிறதிலிருந்து வந்ததாம். பெருமாள் ஒரு ராத்திரி தங்கின ஊருன்னு பெரியவங்க சொல்வாங்க. எங்க மத்தும் அப்படித்தான், ஒரு வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல தங்கறதில்லை. எடுத்துப் போறவங்க நோட்டில் கையெழுத்துப் போடணும், மெமரி கார்டைக் காலி பண்ணித் திருப்பணும், கேமராவைச் சார்ஜ் ஏத்தித் தரணும். இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பிள்ளையார்பாளையத்துக் குழுக்களுக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கும். சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்துடும். ஞாயித்துக்கிழமையும் திங்கக்கிழமையும் காலியா இருக்கு. நோட்டை இங்கேயே கொண்டு வந்திருக்கேன். சாப்பாட்டுக்கு எழுந்து போறதுக்கு முன்னாடி வேணும்கிறவங்க வந்து பேரு எழுதிடுங்க.